ஆட்டுக் குடலைச் செரிக்கும் வயிறு தன்னை மட்டும் விட்டுவைப்பது ஏன்?

கேள்வி: போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குடல் குழம்பு. சாப்பிடும்போது, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், "ஆட்டு வயித்தை நம்ம வயிறு செரிச்சிடுதே, அப்போ நம்ம வயித்தையே அது ஏன் செரிக்கல?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. என் மாமியார், "நேரத்துக்குச் சாப்பிடாட்டி அதையும்தான் தின்னும். அதுக்குப் பேருதான் அல்சர்" என்று முடித்துவிட்டார். எது உண்மை டாக்டர்?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்ட கேள்வியை, லண்டனின் பெரிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1772-ல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். நல்ல திடகாத்திரமாக இருந்து திடீரென்று இறந்துபோனவர்களின் உடல்களை அவர் அறுத்துப் பார்த்தபோது, சிலருடைய இரைப்பையில் ஓட்டை விழுந்திருந்தது. காயமும் இல்லை, நோயும் இல்லை. ஓட்டையின் விளிம்பு மட்டும் கொழகொழவென்று கரைந்திருந்தது. இறந்த பிறகு இரைப்பை தன்னைத் தானே செரித்துக்கொண்டிருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஆகவே உங்கள் மகன் கேட்டது நடக்காத காரியம் அல்ல. உயிரோடு இருக்கும்வரை நடப்பதில்லை, அவ்வளவுதான். ஏன் நடப்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலர் மனதில் இருக்கும் இரண்டு பதில்களை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

இரைப்பையின் சுவர் அமிலத்துக்கு மசியாத ஏதோ கெட்டியான பொருளால் ஆனது என்பது ஒன்று. அப்படி எதுவும் கிடையாது. குழம்பில் கிடந்த துண்டும் நம் இரைப்பையும் ஒரே சரக்குதான்: தசை, அதைக் கோத்துப் பிடிக்கும் நார், உள்பக்கம் மெல்லிய சவ்வு. பெரும்பாலும் புரதம். (ஒரு சின்னத் தகவல். ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. குழம்பில் வரும் சொரசொரப்பான பெரிய துண்டு முதல் அறை. அங்கே அமிலமே சுரக்காது, நுண்ணுயிர்கள் தழையைப் புளிக்கவைக்கும் இடம் அது. நம்முடைய இரைப்பைக்கு ஒப்பானது நான்காவது அறை. மகனிடம் இதையும் சொல்லிவையுங்கள், அடுத்த கேள்வி இங்கிருந்துதான் வரும்.)

இன்னொரு பதில் ஹன்டர் சொன்னதேதான். உயிருள்ள தசையைச் செரிமான நீர் தொடாது, உயிர்ச்சக்தி அதைக் காக்கிறது என்று அவர் எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் கிளாட் பெர்னார்ட் இதைச் சோதித்துப் பார்த்தார். வயிற்றில் துளையிட்டு வைத்திருந்த ஒரு நாயின் இரைப்பைக்குள், உயிருள்ள தவளையின் பின்னங்கால்களை நுழைத்துவைத்தார். தவளை உயிரோடு இருந்தது, கால்கள் கரைந்துபோயின. பிறகு லண்டனில் பேவி என்ற மருத்துவர் உயிருள்ள முயலின் காதை வைத்தும் இதே முடிவைக் கண்டார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது. ஆனால் உயிர்ச்சக்தி வாதம் அதோடு நிற்க இடமில்லாமல் போயிற்று.

அப்படியென்றால் நம் இரைப்பையும் செரிக்கக்கூடிய பொருள்தான். செரிக்கும் நீர் தன்மேல் படாமல் அது பார்த்துக்கொள்கிறது. மீறிப் பட்டுவிட்ட இடத்தைச் சட்டென்று புதுப்பித்துக்கொள்கிறது. இந்த இரண்டும் எப்படி நடக்கின்றன என்று பார்ப்போம்.

இரைப்பை நீரில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரைப்பையில் இருப்பது இந்த அமிலம்தான் என்பதை 1824-ல் வில்லியம் பிரௌட் உலகுக்குச் சொன்னார். மற்றது பெப்சின். இது புரதத்தை வெட்டும் நொதி, அதாவது ஒரு வேதிவினையை விரைவாக நடத்திவைக்கும் புரதம். 1836-ல் தியோடர் ஷ்வான் கண்டுபிடித்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. அதன் புளிப்பு எலுமிச்சைச் சாற்றையும் மிஞ்சும்.

அமிலம்தான் கறியைக் கரைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அமிலம் செய்வது முன்வேலை. சுருண்டு மடங்கிக் கிடக்கும் புரத இழையை அது பிரித்துவிடுகிறது, சாப்பாட்டோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது, பெப்சினுக்கு வேலை செய்ய ஏற்ற புளிப்பைத் தருகிறது. வெட்டுவது பெப்சின்.

இவை சுரக்கும் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். வெற்று இரைப்பையை விரித்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்கத் தடித்தடியான மடிப்புகள். காலியாக இருக்கும்போது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பை, சாப்பிடும்போது இந்த மடிப்புகள் விரிந்து ஒரு லிட்டருக்கும் மேல் கொள்கிறது. மடிப்பின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தால் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகள் தெரியும். லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குழாய்கள் திறக்கின்றன. அவைதான் இரைப்பைச் சுரப்பிகள். குழியின் வாயில் சளி சுரக்கும் செல்கள், குழாயின் நடுப்பகுதியில் அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல்கள், அடியில் பெப்சினுக்குப் பொறுப்பான முதன்மைச் செல்கள் என்று இடம் பிரித்து உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பெரைட்டல் செல். இவ்வளவு கடுமையான அமிலத்தைத் தயாரிக்கிற செல், அந்த அமிலத்தைத் தனக்குள் ஒரு சொட்டுக்கூட வைத்துக்கொள்வதில்லை. தண்ணீரும் கரியமில வாயுவும் சேர்ந்து உள்ளே கார்பானிக் அமிலம் உண்டாகிறது. இது சோடாவில் இருக்கும் சாதுவான அமிலம். அதிலிருந்து ஹைட்ரஜன் அயனியை மட்டும் தனியே பிரித்து, செல்லின் சவ்வில் இருக்கும் புரோட்டான் பம்ப் வெளியே தள்ளுகிறது. (அயனி என்றால் மின்னூட்டம் உள்ள அணு. ஹைட்ரஜன் அயனிக்குத்தான் புரோட்டான் என்று பெயர்.) குளோரைடு வேறு வழியாக வெளியே போகிறது. இரண்டும் வெளியே சந்திக்கிற இடத்தில்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகிறது. செல்லுக்குள் இருப்பதைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் செறிவுள்ள இடத்துக்கு ஹைட்ரஜன் அயனியைத் தள்ள வேண்டும் என்பதால் ஆற்றல் ஏராளமாகச் செலவாகும். அதனால் இந்தச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள். பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவதற்குத் தேவையான ஒரு புரதத்தைச் சுரப்பதும் இதே பெரைட்டல் செல்தான்.

இங்கே நடைமுறைக்கு உதவும் ஒரு செய்தி. நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்று சொல்லி வாங்கும் ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் எல்லாம் இந்தப் பம்பைத்தான் நிறுத்துகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே அவற்றால் பிடிக்க முடியும். சாப்பிடத் தொடங்கும்போதுதான் பம்புகள் வேலைக்கு வருகின்றன. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே போடச் சொல்வது இதனால்தான். சாப்பிட்டு முடித்த பிறகு போட்டுவிட்டு 'மாத்திரை கேட்கவில்லை' என்று வருபவர்கள் நிறைய.

முதன்மைச் செல்லின் தந்திரம் வேறு. அது பெப்சினைப் பெப்சினாகவே தயாரித்தால் முதலில் வெட்டுப்படுவது அந்தச் செல்தான். அதனால் பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில் தயாரிக்கிறது. உறைக்குள் செருகிய அரிவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் நிறைந்த இடத்துக்கு வந்த பிறகுதான் உறை கழன்று விழும். அமிலம் ஓரிடம், அரிவாள் ஓரிடம், இரண்டும் கூடுவது சுரப்பிக்கு வெளியே.

வெளியே வந்த பிறகு இரைப்பையின் உள்சுவரைக் காப்பது யார்? சளிதான். மூக்கில் வருகிற அதே வகைச் சங்கதி என்பதால் அதற்கு மரியாதை குறைவு. இரைப்பையின் உள்பரப்பு முழுவதும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில், பசைபோன்ற சளிப்படலம் ஒட்டியிருக்கிறது. சளி மட்டும் இருந்தால் அமிலம் மெல்ல ஊறி உள்ளே போய்விடும். மேற்பரப்புச் செல்கள் அதற்குள் பைகார்பனேட்டைச் சுரந்து விட்டுக்கொண்டே இருக்கின்றன. இது நம் சமையல் சோடாவில் இருக்கும் காரப்பொருள். உள்ளே ஊறி வரும் அமிலம் பாதி வழியிலேயே முறிந்துவிடுகிறது. படலத்தின் மேல்பக்கம் எலுமிச்சையை மிஞ்சும் புளிப்பு, மயிரிழை தூரத்தில் செல்லைத் தொடும் அடிப்பக்கம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். பெப்சினுக்கோ புளிப்பு இல்லாத இடத்தில் வேலையே ஓடாது.

அந்தப் பைகார்பனேட் எங்கிருந்து வருகிறது என்றால், அதில் ஒரு பங்கு பெரைட்டல் செல்லின் கழிவு. கார்பானிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனியை எடுத்த பிறகு மிஞ்சுவது பைகார்பனேட்தானே? அதைச் செல் தன் பின்வாசல் வழியாக ரத்தத்தில் விடுகிறது. சுரப்பியை ஒட்டி மேல்நோக்கி ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதை நேராக மேற்பரப்புச் செல்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. எந்த நேரத்தில் அமிலம் அதிகமாகச் சுரக்கிறதோ, அந்த நேரத்திலேயே அதற்கு மாற்றும் அதிகமாக மேலே போய்விடுகிறது. இப்படி ஒரு கணக்கை யார் போட்டது என்று வகுப்பில் நான் முதன்முதலாகப் படித்தபோது வியந்தேன், இன்னும் வியப்பு தீரவில்லை.

இதையும் மீறிச் சில செல்கள் சேதப்படத்தான் செய்யும். சுடச்சுடக் குடித்த காபி, முழுதாக விழுங்கிய முறுக்கு, எதுவும் காரணமாகலாம். சின்னச் சிராய்ப்பு என்றால் பக்கத்துச் செல்களே நகர்ந்து வந்து சில மணி நேரத்துக்குள் மூடிவிடுகின்றன. அது போக, குழியின் கழுத்துப் பகுதியில் இருக்கும் தண்டுச் செல்கள், அதாவது புதுச் செல்களைப் பெற்றுத் தருகிற மூலச் செல்கள், ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. இரைப்பையின் மேற்பரப்பு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முழுக்க மாறிவிடுகிறது. போன ஞாயிறு குழம்பைத் தாங்கிய மேற்பரப்பு வேறு, வரும் ஞாயிறு தாங்கப்போவது வேறு. ஹன்டர் பார்த்த உடல்களில் என்ன நடந்தது என்பது இப்போது விளங்கும். ரத்த ஓட்டம் நின்றதும் பைகார்பனேட் நிற்கிறது, புதுச் செல் வருவது நிற்கிறது. ஆனால் ஏற்கெனவே சுரந்த அமிலமும் பெப்சினும் உள்ளேயே இருக்கின்றன.

இரைப்பையின் தசையைப் பற்றிச் சுருக்கமாக. செரிமானக் குழாயின் மற்ற பகுதிகளில் தசை இரண்டு அடுக்கு. இரைப்பையில் சாய்வாக ஓடும் மூன்றாவது அடுக்கும் உண்டு. பிசைவதற்கு அது உதவுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று அலைகள் மேலிருந்து கீழே ஓடி, சிறுகுடலுக்குள் திறக்கும் கடைவாய்ப் பக்கம் வரும்போது பலமாகின்றன. அந்தக் கடைவாய் மிகக் குறுகலாகத்தான் திறக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நசுங்கியதைத்தான் வெளியே விடும். பெரியது மறுபடியும் பின்னால் தள்ளப்பட்டு இன்னொரு முறை மாவாகும். கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும், மெதுவாக அனுப்பு என்று அங்கிருந்து ஹார்மோன் வழியாகச் சொல்லி அனுப்பப்படுகிறது. நெய்ச்சோறும் பிரியாணியும் வயிற்றில் நெடுநேரம் நிற்பது இதனால். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் சிறுகுடலும் தப்பிக்கிறது. கணையம் அனுப்பும் பைகார்பனேட் அந்தச் சிறு அளவை அங்கேயே முறித்துவிடும். உணவுக்குழாய்க்கு இவ்வளவு வசதி கிடையாது. அங்கே அமிலம் மேலேறினால் எரிகிறது, நாம் நெஞ்சு கரிக்கிறது என்கிறோம்.

இனி உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். பட்டினி கிடந்தால் இரைப்பை தன்னைத் தின்னும் என்பது சரியல்ல. உணவைப் பார்க்கும்போதும், மணம் மூக்கில் ஏறும்போதும், உணவு உள்ளே வந்து இரைப்பை விரியும்போதும்தான் அமிலம் வேகமாகச் சுரக்கிறது. சும்மா இருக்கும்போது சுரப்பது அதில் சிறு பங்குதான், அதைச் சளிப்படலம் எளிதில் தாங்கும். பசியில் வயிறு 'கடமுட'வென்று சத்தம் போடுவதும் சுவர் அரிபடும் சத்தம் அல்ல. காலியாக இருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரைப்பையும் குடலும் பலமாகச் சுருங்கி, மிச்சமீதியைக் கீழே தள்ளிச் சுத்தம் செய்கின்றன. காற்றும் நீரும் நகரும் ஓசைதான் அது.

அவர் சொன்னதில் சரியான பாதி இது: புண் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, குறிப்பாகச் சிறுகுடலின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு, வெறும் வயிற்றில்தான் வலி கூடும், சாப்பிட்டால் அடங்கும். தலைமுறை தலைமுறையாக இதைப் பார்த்தவர்கள், சாப்பிடாததால்தான் புண் வந்தது என்று முடிவுகட்டியதில் வியப்பில்லை. பல காலம் மருத்துவர்களும் கவலை, காரம், அதிக அமிலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. நரம்பைத் தூண்டி எரிச்சலைத் தருகிறது, புண் உள்ளவரை நன்றாகவே படுத்தும்.

அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று பலர் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியைத் தனக்கே வரவழைத்துக் காட்டினார். (பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பகுதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.) 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. சளிக்குள் துளைத்து இறங்கிச் செல்லை ஒட்டிக் குடியிருக்கிறது. பாதுகாப்புப் படலம் பழுதானால், மேலே இருக்கும் அமிலமும் பெப்சினும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். எளிய பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம், ஆன்டிபயாடிக் மாத்திரைகளை முழுக் கணக்குக்கும் சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது காரணம் நம் வீட்டு டப்பாவிலேயே இருக்கிறது: ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். சளியும் பைகார்பனேட்டும் சுரக்கச் சொல்லிக் கட்டளையிடுபவை புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள். உடலில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுபவையும் இவைதான். ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். மூட்டுவலி குறைகிறது, கூடவே இரைப்பையின் கவசமும் மெலிகிறது. இது ரத்தத்தின் வழியாக நடப்பதால், 'சாப்பிட்டுவிட்டுத்தான் போட்டேன்' என்பது முழுக் காப்பாகாது. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் ஆபத்து உண்டு.

உங்கள் மாமியாருக்கு மூட்டுவலியோ முதுகுவலியோ இருந்து, மெடிக்கலில் தானாகவே மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ, காபித்தூள் கலந்ததுபோல வாந்தி வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.